முதல் நாள் முகம்

யாகப்பரின் அடையாள அட்டை அவரிடம் இருந்ததைவிடப் பிறரிடம் இருந்த நேரம்தான் அதிகம்.

2010இல் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி, மன்னாரில் பேசாலைக்கு அப்பால் உள்ள தன் கரையில் மறுபடி மீன்பிடித் தொழிலுக்கு இறங்கினார். கடலுக்குப் போகுமுன் கடற்படைக் காவலரணில் அட்டையைக் கொடுக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு ஒரு பாஸ் கிடைக்கும். கரைக்கு வந்து பாஸைக் கொடுத்தால் அட்டை திரும்ப வரும். கடலில் இருக்கும்போது யாகப்பர் ஒரு இலக்கம். பெயரும் முகமும் கரையில் ஒரு பலகையில் ஆணியில் தொங்கும்.

பிறகு பாஸ் இல்லாமல் போனது. யாகப்பரின் பழக்கம் போகவில்லை. படகைத் தள்ளுமுன் அட்டையை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, தன் வாடியின் மரக் கப்பில் அடித்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். வலைகள் கிடக்கும் கதவில்லாத கொட்டில் அது. ஐசி என்று ஊரில் சொல்லும் அந்த அட்டையை எவரும் எடுக்கலாம். எவரும் எடுக்கவில்லை. மனைவி மாக்கிறட் இதைப் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஐசியைக் கருவாடு மாதிரித் தூக்கிப் போட்டிட்டுப் போறீங்கள்."

"கருவாட்டையாவது பூனை எடுக்கும். இதை ஆர் எடுக்கிறது?"

இருபது வருட முகாம் வாழ்க்கையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தணிக்கை நடந்தது. பெயரைக் கூப்பிட்டதும் போய் முகத்தைக் காட்ட வேண்டும். ஊர் திரும்பிய பிறகு இராணுவம் ஒருமுறை, கடற்படை ஒருமுறை, நிவாரணக்காரர்கள் பலமுறை படம் எடுத்தார்கள். தன்னிடம் இனிப் பார்க்க யாருக்கும் எதுவும் மிச்சம் இல்லை என்று யாகப்பர் நினைத்தார். அதில் அவருக்குக் கவலையும் இருக்கவில்லை.

சட்டம் எங்கேயோ ஒரு நாட்டில் வந்தது. சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடாததைப் பார்க்காமல் இருக்க, போனில் வயதைக் காட்டிவிட்டுத்தான் கணக்குத் திறந்து உள்ளே போகலாம் என்றது அந்தச் சட்டம். பூட்டு மட்டும் இங்கேயும் விழுந்தது. ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை, யாகப்பரின் படகில் வேலை செய்யும் ஜெனோஜன் போனைப் பிடித்துக்கொண்டு வாடிக்குள் வந்தான்.

"அங்கிள், உங்கட ஐசியை ஒருக்காத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"எனக்கு வயசு வந்திட்டுதெண்டு காட்ட."

"அப்ப கொம்மாட்டைச் சொல்லி முதல்ல தண்ணி வாக்கச் சொல்லு."

ஜெனோஜன் சிரிக்கவில்லை. அவனுக்கு இருபது வயது. மண்டபம் முகாமில் பிறந்தவன். தகப்பன் அங்கேயே இறந்துபோக, தாய் ஜெயகௌரியோடு ஆறு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தான். இந்தியாவில் எழுதிய பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் ஒரு மாதிரி, இங்கே அவளுடைய பழைய பத்திரத்தில் வேறு மாதிரி. அதைத் திருத்தினால்தான் பிரஜாவுரிமை. பிரஜாவுரிமை வந்தால்தான் அடையாள அட்டை. கோப்பு ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. மீசை இருந்தது, சம்பளம் இருந்தது, வயதைக் காட்ட அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"உன்ர வயசை என்ர ஐசி என்னெண்டு காட்டும்?"

"நான் ஆரெண்டு அதுக்குத் தேவையில்லை அங்கிள். ஆரோ ஒரு பெரிய ஆள் இருந்தாக் காணும்."

"படத்தை என்ன செய்வாங்கள்?"

"பாத்திட்டு அழிச்சிடுவாங்களாம். எழுதியிருக்கு."

யாகப்பர் ஆணியைக் காட்டினார். ஜெனோஜன் அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்தான். பிறகு போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் அவர் முகம். ஒரு பெண் குரல் சுத்தமான தமிழில் சொன்னது: "முகத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பவும்."

யாகப்பரின் கையில் இருந்த வலை ஊசி கீழே விழுந்தது.

இருபத்து நாலு வயதில் ஒரு காலை நேரம் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களைக் கோயில் வளவுக்குக் கொண்டுபோய் வரிசையில் விட்டார்கள். வரிசையின் முடிவில் ஒரு ஜீப். ஜீப்பின் முன் இருக்கையில் தலையில் சாக்கு மாட்டிய ஒருவன். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று அந்த நாளில் சனம் சொன்னது இப்படிப்பட்டவர்களைத்தான். ஒவ்வொருவனும் அவன் முன்னால் நின்று இடப்பக்கம் திரும்ப வேண்டும், பிறகு வலப்பக்கம். யாகப்பர் திரும்பினார். சாக்கு அசையவில்லை. அவருக்கு அடுத்து நின்றவன் தம்பி அமிர்தநாயகம். சாக்கு ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. அமிர்தநாயகம் அதற்குப் பிறகு வரவில்லை. சாக்குக்குள் இருந்தவன் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. யாகப்பர் பல வருடங்கள் பூசையிலும் முகாமிலும் பஸ்ஸிலும் எதிரே வருபவர்களின் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

"அங்கிள், திரும்புங்கோ. நேரம் போகுது."

யாகப்பர் இடப்பக்கம் திரும்பினார். பிறகு வலப்பக்கம். வாய் தானாகத் திறந்திருந்தது. வட்டம் பச்சையானது.

"பாஸ்," என்றான் ஜெனோஜன்.

அவனுக்குப் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். பதினெட்டு ஆகாதவர்கள் சிலர். மற்றவர்களுக்கு வயது இருந்தது, அட்டையும் இருந்தது. ஆனால் சொந்த அட்டையைக் கண்காணாத இடத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை. தங்கள் வீட்டில் அட்டை எதற்கெல்லாம் வாங்கப்பட்டது, வாங்கிய பிறகு என்ன நடந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். யாகப்பரின் அட்டைக்கு அந்தப் பயம் இல்லை. வெள்ளாங்குளத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த ஒருவன்கூடத் திரும்பிப் போகுமுன் ஒருமுறை வாடிக்கு வந்துவிட்டுப் போனான்.

"எங்கட கந்தோர் திறந்திட்டுதோ?" என்று வாடியை ஒரு அலுவலகம்போலக் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு சோடா கொண்டுவருவார்கள். யாகப்பர் சோடாவைக் குடித்துவிட்டு, சொல்லுமுன்பே இடப்பக்கம் திரும்புவார். இரண்டாம் நாளே அந்தக் குரல் அவருக்குப் பழகிவிட்டது. நாலாம் நாள் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினார்.

"வலப்பக்கம் திருப்பவும்."

"திருப்பியாச்சு தாயே. வேறென்ன வேணும்?"

ஐப்பசிக்குள் முப்பது பேருக்கு மேல். ஒரே மனிதன் எத்தனை பேராக இருக்கிறான் என்று அந்தக் குரல் ஒருமுறையும் கேட்கவில்லை.

தை மாதம் பொலிஸ் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது.

நிலைய வாசலில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டு கொடுத்தார்கள். உள்ளே ஒரு தமிழ் சார்ஜன்ட். கதிரையைக் காட்டினார்.

"மதுஷிகா எண்டு ஒரு பிள்ளையைத் தெரியுமோ ஐயா?"

"எங்கட முன்பள்ளி ரீச்சர்."

அந்தக் கதை ஊருக்கே தெரியும். முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளோடு நின்ற மதுஷிகாவின் படத்தை யாரோ வெட்டி எடுத்து, அவளுடைய போன் இலக்கத்தோடு, கூசும் வார்த்தைகளோடு போட்டிருந்தார்கள். எங்கெங்கோ இருந்து அழைப்புகள் வந்தன. இலக்கத்தை மாற்றினாள். படம் மாறவில்லை. உண்மை தெரியவரும்வரை வீட்டில் இருக்கும்படி முன்பள்ளிக் குழு அவளிடம் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. யாகப்பர் அதற்காக மனம் வருந்தியவர்களில் ஒருவர்.

"அதைப் போட்ட கணக்கு உங்கட," என்றார் சார்ஜன்ட்.

"என்னட்டைப் போனே இல்லை."

"அது எனக்கும் விளங்குது. வயசு காட்டினது நீங்கள். கம்பனி அனுப்பியிருக்கு."

ஒரு தாளை மேசையில் வைத்தார். கடதாசியில் அச்சான படம். வாடியின் கப்பு, ஆணி, நீல வலை. நடுவில் யாகப்பர், இடப்பக்கம் பாதி திரும்பியபடி. வாய் திறந்திருந்தது. கண் எதிரே எதையோ பார்த்து நின்றுபோயிருந்தது.

யாகப்பர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தை அவர் எவருக்கும் காட்டியதில்லை. மாக்கிறட்டுக்குக்கூட. கோயில் வளவில் அந்த முகம் இருந்திருக்கும். அப்போது அதைப் பார்த்தது சாக்குக்குள் இருந்த இரண்டு கண்கள் மட்டும். பிறகு வந்த முப்பது பேருக்கும் அவர் சோடா குடித்த முகத்தைத்தான் காட்டினார். இது முதல் நாள் முகம். முதல் நாள் வந்தவன் ஒருவன்தான்.

"பாத்திட்டு அழிப்பம் எண்டவங்கள்," என்றார்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது," என்றார் சார்ஜன்ட். கணினித் திரையை யாகப்பரின் பக்கம் திருப்பினார். "உங்கட கரையில தொழில் செய்யிற பெடியளின்ர படம் எடுத்து வச்சிருக்கிறன். ஒவ்வொண்டாக் காட்டுறன். பேர் சொல்லத் தேவையில்லை. ஆள் வந்த உடனை தலையை ஆட்டினாக் காணும். நீங்கள் சொன்னதெண்டு வெளியில வராது."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வயதானவரைச் சிக்கலில் மாட்டாமல் விடப் பார்த்தார். முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒன்பதாவது ஜெனோஜன். யாகப்பர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். மூச்சுக்கூட விடவில்லை. முகம் போய் அடுத்த முகம் வந்தது.

"ஒருத்தரும் இல்லையோ?"

"நான் திங்கக்கிழமை வாறன்."

"ஐயா, ஆளைச் சொல்லாட்டி வழக்கு உங்கட பேரிலதான் போகும்."

"ஓம். வாறன்."

மாக்கிறட்டிடம் எல்லாவற்றையும் சொன்னார். சாக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"ஜெனோஜனோ?"

"ஓம்."

"பிறகென்ன? ஆட்டிப்போட்டு வாறதுதானே. அவன் செய்தவன்."

"அண்டைக்கு ஆட்டினவனும் இப்பிடித்தான் நினைச்சிருப்பான்."

அவள் அமிர்தநாயகத்தைப் பார்த்தவள் இல்லை. அவனுக்கு நடந்ததை ஊரில் கேட்டிருந்தாள்; விளங்கியது.

"அந்தப் பிள்ளை வாசல் தாண்டி மூண்டு மாசம். உங்கட தலையாட்டிக் கதையை அவளுக்குச் சொல்லிப் பாருங்கோ. அவளுக்கு அது சோறு போடுமோ எண்டு பாப்பம்."

அடுத்த நாள் பின்னேரம் யாகப்பர் மதுஷிகாவின் வீட்டுக்குப் போனார். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். பொலிஸ் நிலையத்தில் அவளுக்கும் சொல்லியிருந்தார்கள்.

"நீங்கள் செய்தனீங்களோ எண்டு கேக்க மாட்டன் அங்கிள். உங்களுக்குப் போன் பிடிக்கவே தெரியாது. ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"திங்கக்கிழமை சொல்லுறன். நீரும் அங்க வாரும்."

"ஏன் திங்கக்கிழமை? இப்ப வாயில என்ன?"

யாகப்பர் நிலத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது பிள்ளை. ஐசியைக் குடுக்கிறது எனக்குப் புதிசில்லை. இதுக்குள்ள உம்மட தலை உருளுமெண்டு நான் நினைக்கேல்ல."

"நீங்கள் உங்கட முகத்தை வாடகைக்கு விட்டனீங்கள். சோடாவுக்கு. என்ர முகத்தை நான் விடேல்லயே. ரெண்டும் ஒரே கடதாசியில வந்திருக்கு."

யாகப்பர் படியிலிருந்து ஒரு அடி கீழே இறங்கினார்.

"எனக்கு ஒரு ஆளில சந்தேகம் இருக்கு," என்றாள் மதுஷிகா. "பின்னால திரிஞ்சவர். ஒருநாள் ஏசிப்போட்டன். நீர் ஆர் எண்டு சொல்ல ஒரு அட்டைகூட இல்லை, முதல்ல அதை எடுத்துக்கொண்டு வாரும் எண்டு. பிழைதான். அதுக்காக இப்பிடியோ?"

கதவை மூடினாள்.

அங்கிருந்து யாகப்பர் நேரே ஜெயகௌரியின் வீட்டுக்குப் போனார். வீட்டுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த வீடு அது. பூச்சு முடியவில்லை. ஜெனோஜன் வெளியே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாகப்பரைக் கண்டதும் எழும்பினான். அவர் உட்காரவில்லை.

"அந்தக் கணக்கு நீ முதல் நாள் திறந்த கணக்கு," என்றார்.

"ஆர் சொன்னது? முப்பது பேர் திறந்தவங்கள்."

"என்ர முகம் சொன்னது."

ஜெயகௌரி உள்ளே இருந்து வந்தாள். நடந்ததை யாகப்பர் அவளுக்கு ஒழுங்காகச் சொன்னார். அவள் மகனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. அவள் யாகப்பரின் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, இவனுக்குப் பத்திரம் இல்லை. வழக்கெண்டு விழுந்தா அந்த ஃபைலைத் தூக்கி எறிஞ்சிடுவாங்கள். எந்த நாட்டுக்காரன் எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் தெரியாதெண்டு சொல்லிவிடுங்கோ. உங்களை என்ன செய்யப் போறாங்கள், வயசான ஆள்."

"தெரியாதெண்டு சொன்னா அந்தப் பிள்ளை வீட்டுக்கை கிடக்கும்."

"அப்ப காட்டிக் குடுக்கப் போறீங்களோ?" என்றான் ஜெனோஜன்.

"நேற்று உன்ர படத்தைக் கொண்டுவந்து காட்டினவங்கள். தலையை ஆட்டச் சொன்னவங்கள். நீ அங்க இல்லை. என்னை ஆரெண்டும் உனக்குச் சொல்லமாட்டாங்களாம். நான் ஆட்டேல்ல." மூச்சு எடுத்துக்கொண்டார். "திங்கக்கிழமை நான் உன்ர பேரைச் சொல்லுவன். உனக்கு முன்னால நிண்டு சொல்லுவன். நீ வரவேணும். நான் பொய் சொல்லுறன் எண்டா அங்க வச்சு என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு."

"வராட்டி?"

"வராட்டியும் சொல்லுவன். ஆனா நீ வா."

திங்கட்கிழமை எட்டரை பஸ்ஸில் யாகப்பர் தனியாகப் போனார். பொலிஸ் நிலைய மதிலோரம் நிழலில் மூன்று கழுதைகள் நின்றன. வாசலில் அட்டையைக் கொடுத்துத் துண்டை வாங்கினார். மதுஷிகா தகப்பனோடு முன்பே வந்திருந்தாள். சார்ஜன்ட் தாளையும் பேனையையும் எடுத்தார்.

"ஆள் வரட்டும்," என்றார் யாகப்பர்.

"எந்த ஆள்?"

"சொல்லவேண்டிய ஆள்."

பத்து மணியானது. பத்தேமுக்கால் ஆனது. சார்ஜன்ட் வேறு இரண்டு முறைப்பாடுகளை எழுதி முடித்தார். மதுஷிகா மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆள் வராமலே சொல்ல வேண்டிவந்தால் எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று யாகப்பர் யோசித்தார். பதினொன்று தாண்டி ஜெயகௌரி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. பின்னால் ஜெனோஜன், துவைத்த சேட்டோடு.

யாகப்பர் எழுந்தார். முழுதாகத் திரும்பி அவனுக்கு நேரே நின்றார்.

"இவர் ஜெனோஜன். என்ர படகில வேலை செய்யிறவர். பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை என்ர ஐசியையும் முகத்தையும் குடுத்து இவருக்குத்தான் கணக்குத் திறந்து குடுத்தனான். சொல்லுறது யாகப்பர்."

குரல் பெரிதாக இல்லை. ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஜெனோஜன் அவருடைய முகத்தைப் பார்த்தான். எதையோ சொல்ல வாய் எடுத்தான். பிறகு, "ஓம்," என்றான்.

மதுஷிகா இருந்த இடத்திலிருந்து கேட்டாள்.

"என்ர படத்தை எங்கயெல்லாம் விட்டனீர்?"

"ஒரு இடத்திலதான் போட்டனான். அதை அண்டைக்கே அழிச்சிட்டன்."

"இப்ப எங்க இருக்கு?"

ஜெனோஜன் தாயின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தான். "தெரியாது," என்றான். அவன் அன்று முதல் தடவையாக அழுதான். அவள் அதைப் பார்க்காமல் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள்.

வாக்குமூலம் எழுத இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அட்டையைப் பிறருக்குப் பயன்படுத்தக் கொடுத்தது யாகப்பரின் பிழை என்று சார்ஜன்ட் சொன்னார். "அதையும் எழுதுங்கோ," என்றார் யாகப்பர். முன்பள்ளிக் குழுவுக்குக் கொடுக்க ஒரு கடிதம் மதுஷிகாவுக்குக் கிடைத்தது. அவள் அதை நின்றபடியே வாசித்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். யாகப்பர் தன் படம் அச்சான தாளைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். அது கோப்போடு போக வேண்டும் என்றார் சார்ஜன்ட்.

"ஐயா, பெடியனை இண்டைக்குப் பிணையில விடலாம். அட்டை இல்லாத ஆள், அதால ரெண்டு பேர் வேணும். தாய் ஒராள். மற்றது?"

ஜெயகௌரி யாரையும் பார்க்கவில்லை. யாகப்பர் வாசலுக்குப் போய்த் துண்டைக் கொடுத்து அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இவனுக்கோ அங்கிள்?" என்றாள் மதுஷிகா.

"ஆளைச் சொன்னது நான். வழக்குத் தவணைக்குக் கொண்டுவந்து நிப்பாட்டுறதும் நான்தான் பிள்ளை."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். தகப்பனோடு வெளியே போனாள்.

சார்ஜன்ட் அட்டைக்குக் கை நீட்டினார். யாகப்பர் கொடுக்கவில்லை. பிணைப் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து வாசித்தார். முதல் இரண்டு வரி விளங்கவில்லை. கேட்டார். சார்ஜன்ட் விளக்கினார். அடுத்த வரியையும் கேட்டார். ஜெனோஜன் சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்த பிறகு அட்டையை மேசையில் வைத்தார். சார்ஜன்ட் அதை அறையின் மூலையில் இருந்த போட்டோக் கொப்பி இயந்திரத்தில் வைத்தார். யாகப்பர் எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றார். ஒரு தாள்தான் வந்தது. எடுத்துப் பார்த்தார். அட்டையில் இருந்த முகம் கறுத்துப்போய் இருந்தது.

"இதில குறுக்கால எழுதுங்கோ," என்றார். "ஜெனோஜன்ர பிணைக்கு மட்டும் எண்டு."

"அப்பிடி எழுதுற வழக்கமில்லை ஐயா."

"எழுதுங்கோ. திகதியையும் போடுங்கோ."

சார்ஜன்ட் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, முகத்துக்கு மேலாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எழுதினார். யாகப்பர் கடைசி எழுத்துவரை பார்த்துக்கொண்டு நின்று, அதன் கீழே கையெழுத்து வைத்தார்.